சப்வேயா, எல்ஆர்ரியா? ஸ்காபரோ வாசகர்களின் கேள்விகள்

ரொறன்ரோவின் கிழக்கிலுள்ள ஸ்காபரோவின் ஆர்ரி ரயில், அதாவது லைன் 3, 2023 ஜூலையில் நின்றுபோனது. அதற்குப் பதிலாக மக்கோவன் வீதிக்கு அடியில் சப்வே தோண்டும் வேலை நடக்கிறது. இடைப்பட்ட காலத்துக்குப் பஸ். இது பற்றி வந்த கடிதங்களில் பாதி கேள்வி, பாதி கோபம். கோபத்தைக் கத்தரித்துவிட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம்.

எல்ஆர்ரி என்றால் ஸ்படைனா வீதியில் ஓடும் ஸ்ட்ரீட்கார்தானே? டவுன்ரவுன்காரருக்குச் சப்வே, எங்களுக்கு ட்ராம் வண்டியா?
– மால்வேர்ன் வாசகர்

ஆர்ரிக்குப் பதிலாக எது வேண்டும் என்ற பத்து வருடச் சண்டையில் பாதி இந்தப் பெயர்க் குழப்பத்தால் வந்தது. 'எல்ஆர்ரி' (LRT, இலகு ரயில்) என்ற ஒரே சொல்லுக்குள் ஸ்காபரோவுக்கென்று இரண்டு வெவ்வேறு திட்டங்கள் இருந்தன.

ஒன்று ஷெப்பேர்ட் கிழக்கு. டொன் மில்ஸ் நிலையத்திலிருந்து கிழக்கே, வீதியின் நடுவில் கட்டுப்போட்டு ஒதுக்கிய பாதையில் ஓடும். ஒவ்வொரு பெரிய சந்தியிலும் சிக்னல் இருக்கும், இடப்பக்கம் திரும்பும் கார்கள் இருக்கும். உங்கள் சந்தேகத்துக்கு இதில் இடம் உண்டு.

மற்றது ஆர்ரி பாதையையே எல்ஆர்ரியாக மாற்றி நீட்டும் திட்டம். கென்னடி சப்வே நிலையத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர், 7 நிறுத்தங்கள். ஸ்காபரோ சென்ரரைத் தாண்டி சென்ரெனியல் கல்லூரி வழியாக ஷெப்பேர்ட் வரை போயிருக்கும். முழுப் பாதையும் வீதிக்கு மேலோ கீழோ, அல்லது ரயில் பாதையின் ஓரமாகவோ போகிறது. ஒரு சந்தியையும் அது வீதி மட்டத்தில் கடக்கவில்லை. சிவப்பு விளக்கு இல்லாத பாதையில் ஓடுவதை ஸ்ட்ரீட்கார் என்று சொல்வது, 401 நெடுஞ்சாலையில் போகும் பஸ்ஸை மினி வான் என்று சொல்வது போல.

வண்டியும் வேறு. ரொறன்ரோ ஸ்ட்ரீட்காரின் தண்டவாள அகலம் 1495 மில்லிமீற்றர், உலகில் வேறெங்கும் காணாத அளவு. புதிய எல்ஆர்ரி பாதைகளுக்கு வழக்கமான 1435. ஸ்ட்ரீட்காருக்கு ஒரு பக்கம்தான் கதவு, ஒரு முனையில்தான் சாரதி. திரும்புவதற்கு வளையம் வேண்டும். எல்ஆர்ரி வண்டிக்கு இரு பக்கமும் கதவு, இரு முனையிலும் சாரதி அறை. 30 மீற்றர் வண்டிகள் மூன்றைக் கோத்து ஒரே ரயிலாக ஓட்டலாம். ஸ்ட்ரீட்காரை அப்படிக் கோத்து ஓட்டுவதில்லை.

வேகத்தைத் தீர்மானிப்பது வண்டியின் பெயர் அல்ல. எத்தனை நிறுத்தம், எத்தனை சிக்னல் என்பதுதான். 2025 டிசெம்பரில் திறந்த ஃபின்ச் மேற்கு எல்ஆர்ரி பாதையைப் பாருங்கள்: 10.3 கிலோமீற்றருக்கு 18 நிறுத்தங்கள், வீதி நடுவே ஓட்டம். திறந்த வாரமே 'பஸ்ஸே பரவாயில்லை' என்ற முறைப்பாடு கிளம்பியது. அதே தூரத்துக்கு 7 நிறுத்தங்கள், சிக்னலே இல்லை என்றால் கணக்கு வேறு. கசப்பு என்னவென்றால், ஃபின்ச்சில் கண்ட குறையைக் காட்டி ஆர்ரி பாதைத் திட்டத்தைக் கைவிட்டது சரி என்று இப்போது சிலர் வாதிடுகிறார்கள். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது மூன்றெழுத்து மட்டுமே.

ஆர்ரி 1985-இல் திறந்தது. 38 வருடத்தில் சாகும் ரயிலை ஏன் கட்டினார்கள்? புதுப் பெட்டி வாங்கிப் போட்டிருக்கலாமே?
– மிட்லண்ட், லோறன்ஸ் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

அந்தப் பாதை முதலில் ஸ்ட்ரீட்கார் வகை வண்டிக்காகத்தான் வரையப்பட்டது. பாதி வழியில் ஒன்ராறியோ அரசு குறுக்கிட்டது. அரசுக்குச் சொந்தமான நிறுவனம் ஒன்று புதுவகை ரயிலை உருவாக்கி வைத்திருந்தது. அதை உலகுக்கு விற்கக் காட்சிப்பொருளாக ஒரு பாதை தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் 6.4 கிலோமீற்றர், 6 நிலையங்கள், 28 பெட்டிகள் கொண்ட ஆர்ரி.

சாதாரண ரயிலில் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். இதில் அப்படியில்லை. பெட்டியின் அடியில் கம்பிச்சுருள்களைத் தட்டையாக விரித்து வைத்த மோட்டார் இருக்கும். தண்டவாளங்களுக்கு நடுவே மேலே அலுமினியம் பதித்த ஒரு பட்டை ஓடும். மோட்டாரின் காந்தப்புலம் அந்தப் பட்டையைத் தள்ள, ரயில் முன்னே போகும். சக்கரம் பாரம் தாங்க மட்டும். ஏற்றத்திலும் வழுக்காது, சத்தமான பல்சக்கரம் இல்லை. படத்தில் பார்க்க அருமைதான்.

ஆனால் மோட்டாருக்கும் பட்டைக்கும் இடையில் விரல் மொத்தத்துக்குத்தான் இடைவெளி. பட்டையைத் தரையோடு பிடித்து வைத்திருப்பவை வரிசையான போல்டுகள். ஒரு போல்ட் தளர்ந்தால் அதன் பாரம் அடுத்த போல்டுக்குப் போகும், அதுவும் தளரும். பட்டை மேலே எழும்பினால் மோட்டாரில் இடிக்கும். 2023 ஜூலை 24 மாலை எல்ஸ்மியர் நிலையத்துக்குத் தெற்கே கடைசிப் பெட்டி கழன்று தடம்புரண்டதற்கு, பட்டையைப் பிடித்த போல்டுகள் அடுத்தடுத்துத் தோற்றதே காரணம் என்று விசாரணையில் கண்டார்கள். ஐந்து பேருக்குக் காயம். அதோடு விட்டது பெரிய காரியம். நவம்பரில் மூடவிருந்த பாதை, அதன் பிறகு திறக்கவேயில்லை.

பனிக்காலத்தில் இன்னொரு தொல்லை. மின்சாரம் எடுப்பது பக்கவாட்டுக் கம்பிப்பாதையிலிருந்து. அதில் பனிக்கட்டி படிந்தால் ரயில் நிற்கும். வீட்டுக்கு வீடு இந்த அனுபவம் இருக்கும் என்பதால் விரிக்கவில்லை.

புதுப் பெட்டிக்கு வருவோம். வன்கூவரின் ஸ்கைட்ரெயினும் இதே தொழில்நுட்பம்தான். அங்கே பாதையை நீட்டிக்கொண்டே போனார்கள், பெரிய புதுப் பெட்டிகள் வாங்கினார்கள், உதிரிப்பாகமும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. இங்கே அந்த நீளப் பெட்டிகள் கென்னடி பக்கத்து வளைவிலும் எல்ஸ்மியருக்கும் மிட்லண்டுக்கும் இடைப்பட்ட சின்னச் சுரங்கத்திலும் திரும்ப மாட்டா. அவற்றை இடித்துக் கட்ட வேண்டும். பழைய அளவுப் பெட்டி வேண்டுமென்றால் 28 பெட்டிக்காக ஒரு தொழிற்சாலை தனியே அச்சு வார்க்க வேண்டும். ஆக, எந்தத் தொழில்நுட்பத்தையும் ஒரே ஒரு குட்டிப் பாதைக்கு வாங்குவதுதான் ஆபத்து.

முடிவை எத்தனை தடவை மாற்றினார்கள்? யார் பக்கம் தப்பு?
– மார்க்கம் வாசகி

2007-இல் மேயர் டேவிட் மில்லர் 'ட்ரான்சிற் சிற்றி' என்று ஏழு எல்ஆர்ரி பாதைகளை அறிவித்தார். 2010-இல் மேயரான ரொப் ஃபோர்ட் பதவியேற்ற அன்றே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். சப்வே மட்டும்தான் என்றார். 2012 பெப்ரவரியில் நகரின் போக்குவரத்து நிறுவனமான ரிரிசியின் தலைவர் கேரன் ஸ்டின்ட்ஸ் முன்னின்று, நகரசபை 25க்கு 18 என்ற வாக்கில் எல்ஆர்ரிக்குத் திரும்பியது. அந்த ஆண்டு முடிவில் மாகாணத்தோடு ஒப்பந்தமும் ஆனது. 2013 ஒக்ரோபரில் அதே சபை 24க்கு 20 என்று மூன்று நிலையச் சப்வேக்கு மாறியது. மத்திய அரசு 660 மில்லியன் டொலர் தருவதாகச் சொன்னதும் காரணம். 2016-இல் மேயர் ஜோன் ரோறி காலத்தில் மூன்று நிலையம் ஒன்றாகச் சுருங்கியது. 2019-இல் டக் ஃபோர்ட்டின் மாகாண அரசு திட்டத்தைத் தன் கைக்கு எடுத்து மறுபடி மூன்று என்றது. அதுதான் இப்போது தோண்டப்படுவது.

யார் பக்கம் தப்பு என்பதற்கு ஒரு பெயர் சொல்ல முடியாது. கட்சி பார்த்தால் எல்லா நிறத்தவரும் இதில் ஒருமுறையாவது பக்கம் மாறியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லலாம். 2013-இல் சப்வேக்குச் சொன்ன பெரிய நியாயங்களில் ஒன்று, எல்ஆர்ரி கட்டினால் ஆர்ரியை மூன்று நான்கு வருடம் மூடிப் பஸ் விட வேண்டிவரும், சப்வே கட்டினால் அதுவரை ஆர்ரி ஓடும் என்பது. நடந்தது என்ன? ஆர்ரி நின்றுவிட்டது, சப்வே 2030க்கு முன் வராது. மூன்று நான்கு வருடப் பஸ்ஸைத் தவிர்க்கப்போய் ஏழு வருடப் பஸ்.

மூன்று நிலையத்துக்கு இவ்வளவு காசா? எங்கே போகிறது?
– வெஸ்ற்ஹில் வாசகர்

பேச்சில் அடிபட்ட தொகைகளை முதலில் வைப்போம். எல்ஆர்ரி: சுமார் 1.8 பில்லியன் டொலர், முழுவதும் மாகாணம் கட்டும். 2013 சப்வே: 7.6 கிலோமீற்றர், 3.56 பில்லியன், அதில் நகரின் பங்கு 910 மில்லியன். ஒரு நிலையத் திட்டம்: 2017-இல் 3.35 பில்லியன். இன்றைய 7.8 கிலோமீற்றர்த் திட்டம்: 2019-இல் சொன்னது 5.5 பில்லியன். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆண்டு விலை என்பதால் நேரே கழித்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் கிலோமீற்றருக்கு 180 மில்லியனும் 700 மில்லியனும் ஒரே வகுப்பில் உட்காராது.

சுரங்கம் தோண்டுவதுதான் செலவு என்று நினைப்போம். குழாய் தோண்டும் ஒப்பந்தம் 757 மில்லியன்தான். பெரிய பங்கு நிலையங்களுக்குப் போகும். ரிரிசியின் ஆறு பெட்டி ரயில் ஏறத்தாழ 138 மீற்றர். அதற்கேற்ற மேடை, அதன் இரு முனையிலும் காற்றோட்ட அறைகள், மின்னறைகள், மின்தூக்கி, நகரும் படி, இரண்டு வாசல், மேலே பஸ் தரிப்பிடம். இவ்வளவையும் ஓடுகிற வீதிக்கு அடியில் ஒரு பெரிய குழியில் கட்ட வேண்டும். குழிக்குள் வரும் நிலத்தடி நீரை வேலை முடியும்வரை இறைக்க வேண்டும். தண்ணீர்க் குழாய், காஸ் குழாய், கேபிள் எல்லாவற்றையும் முதலில் இடம்மாற்ற வேண்டும். பல நாள் 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று தோன்றும்போது நடப்பது இதுதான்.

நிலையம் குறைந்தால் செலவு அந்த அளவுக்குக் குறையாததற்கும் காரணம் உண்டு. சுரங்கத்தில் சுமார் 760 மீற்றருக்கு ஒரு அவசர வெளியேற்று வழி வேண்டும் என்பது பொதுவான விதி. நிலையத்தை நீக்கினால் அந்த இடத்தில் படிக்கட்டும் காற்றோட்டியும் கொண்ட ஒரு கட்டடம் வந்து உட்காரும். 2016-இல் இரண்டு நிலையத்தை வெட்டியும் தொகை பெரிதாக இறங்காதபோது பலர் அதிர்ந்தார்கள். சுரங்கம் அறிந்தவர்கள் அதிரவில்லை.

நகரின் பங்குக்காகச் சொத்து வரியில் 1.6 வீதம் மேலதிகமாக ஏற்றினார்கள்: 2014-இல் 0.5, 2015-இல் 0.5, 2016-இல் 0.6. உங்கள் வரிச்சீட்டில் அந்தப் பங்கு இன்னும் இருக்கிறது.

சப்வேயில்தான் கூட்டம் அடங்கும் என்கிறார்களே?
– கென்னடி வீதி வாசகி

அடங்கும். அடங்கியது போக நிறைய மிச்சமும் இருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறு பெட்டி சப்வேயில் நெருக்கி நின்றால் ஆயிரம் பேர். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு, ஒரு திசையில், 30,000. எல்ஆர்ரி வண்டியில் 160 பேர் என்று வைத்தால் மூன்று கோத்த ரயிலில் 480. மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றால் 9,600. இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் 14,400. தனிப்பாதையில்தான் இது சாத்தியம். சிக்னலுள்ள வீதியில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று விட்டால் ரயில்கள் ஒன்றின்பின் ஒன்றாக முட்டிக்கொண்டு நிற்கும்.

இனித் தேவை எவ்வளவு? 2013-இல் சப்வேக்குச் சொன்ன உச்ச நேர மதிப்பீடு மணிக்கு 9,500 முதல் 14,000. அந்த மேல் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் எல்ஆர்ரி தாங்காது என்றார்கள். 2016-இல் ஒரு நிலையத் திட்டத்துக்குச் செய்த மதிப்பீடு 7,300. எண்கள் பொய்யல்ல, எத்தனை நிலையம், பக்கத்தில் 'கோ' என்ற புறநகர் ரயில் எவ்வளவு அடிக்கடி ஓடும், கட்டணம் எவ்வளவு என்று ஊகத்தை மாற்றினால் விடையும் மாறும். எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வருபவரிடம் ஊகத்தைக் கேளுங்கள்.

நோர்த் யோர்க் ஷெப்பேர்ட் சப்வே பாதையும் நினைவில் இருக்கட்டும். 2002-இல் திறந்தது; 5.5 கிலோமீற்றர், 5 நிலையம். இன்றும் நான்கு பெட்டி ரயிலே போதுமாக இருக்கிறது. சப்வே போட்டால் கூட்டம் தானாக வரும் என்பதற்கு அது நல்ல சாட்சி அல்ல.

ஆனால் சப்வே கேட்டவர்களிடம் ஒரு அசல் நியாயம் இருந்தது. அது கூட்டமல்ல, கென்னடி. பஸ்ஸில் வந்து, ஆர்ரி ஏறி, கென்னடியில் மேல்மாடியில் இறங்கி, பிள்ளைவண்டியோடும் சாமான் பையோடும் பல மாடி கீழே போய் மறுபடி ரயில் பிடிப்பது முப்பது வருடம் செய்தவர்களுக்கு ஒரு வடு. எல்ஆர்ரி திட்டத்தில் அந்த ஏற்ற இறக்கத்தைச் சுருக்கி நிலையத்தைத் திருத்திக் கட்டுவதாக இருந்தது. அதை ஒருவரும் மக்களிடம் ஒழுங்காகப் படம் போட்டுக் காட்டவில்லை.

சப்வேயில் பனி விழாதுதானே?
– பெயர் போடாத வாசகர்

வோர்டன், விக்ரோறியா பார்க் நிலையங்கள் திறந்த வெளியில்தான் இருக்கின்றன, அங்கே விழுகிறது. மின்பாதைக்கு மேலே மூடி இருப்பதால் ஆர்ரி அளவுக்குத் தொல்லை இல்லை. எல்ஆர்ரிக்கு மின்சாரம் மேல்கம்பியிலிருந்து. உறைமழைதான் அதற்கு எதிரி, பனி அல்ல.

சுரங்கம் எங்கள் வீட்டுக்குக் கிட்டப் போகிறது. சுவர் வெடிக்குமா? என்ன எழுதி வைக்க வேண்டும்?
– மக்கோவன் வீதி அருகே வசிப்பவர்

பழைய சப்வேகளில் போக ஒரு குழாய், வர ஒரு குழாய். இங்கே 10.7 மீற்றர் விட்டமுள்ள ஒரே பெரிய குழாய். இரண்டு தண்டவாளமும் அதற்குள். ஷெப்பேர்ட், மக்கோவன் சந்தியிலிருந்து இயந்திரம் 2023 ஜனவரியில் இறங்கித் தெற்கே தோண்டத் தொடங்கியது. இயந்திரம் முன்பக்கத்தில் மண்ணின் அழுத்தத்தைச் சமப்படுத்திக்கொண்டே போகும், பின்னால் கொங்கிரீற்று வளையங்களைப் பூட்டும். வளையத்துக்கும் மண்ணுக்கும் இடைவெளி உடனே கலவையால் நிரம்ப வேண்டும். அதில் குறை வந்தால்தான் மேலே நிலம் சிறிது இறங்கும். குழாய் கடந்துபோகும் நாட்களைவிட, நிலையக் குழிகளும் வெளியேற்று வழிகளும் தோண்டும் இடங்களுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கே அதிர்வும் தூசியும் நீண்ட காலம்.

செய்ய வேண்டியவை: வேலைக்கு முந்திய வீட்டு நிலை ஆய்வுக்கு அழைத்தால் மறுக்காதீர்கள், அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அழைக்காவிட்டாலும் நீங்களே பேஸ்மென்ற் சுவர், ஜன்னல் மூலைகள், கராஜ் தளம், புகைக்கூண்டு எல்லாவற்றையும் திகதி தெரியப் படமெடுங்கள். ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். பின்னர் வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் வாதமே தேவையில்லை. காணிக்கு அடியில் உள்ள நிலத்துக்கு உரிமை கேட்டுக் கடிதம் வந்தால், வீடு பறிபோகிறது என்று பதற வேண்டாம். குழாய் போகும் ஆழத்துக்கு மட்டும் கேட்பது உண்டு. ஆனால் வாசிக்காமல் ஒப்பமிடாதீர்கள். பின்னாளில் நீச்சல்குளமோ ஆழமான அத்திவாரமோ போடுவதற்கு அதில் தடை இருக்கலாம். சொத்துச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்.

மால்வேர்னுக்கு இனி ஒன்றும் இல்லையா? எக்லிங்டன் கிழக்கு எல்ஆர்ரி என்று கூட்டம் வைக்கிறார்கள். போய் என்ன கேட்பது?
– மோர்னிங்சைட் மாணவி

சப்வே ஷெப்பேர்ட், மக்கோவன் சந்தியில் முடிகிறது. சென்ரெனியல் கல்லூரி வளாகமும் மால்வேர்னும் அதற்குக் கிழக்கே விடுபட்டுப் போயின; எல்ஆர்ரி வந்திருந்தால் கல்லூரி வாசலிலேயே இறங்கலாம். எக்லிங்டன் கிழக்குப் பாதை கென்னடியிலிருந்து எக்லிங்டன், கிங்ஸ்ரன், மோர்னிங்சைட் வீதிகள் வழியாக ஸ்காபரோப் பல்கலைக்கழக வளாகத்தைத் தொட்டு மால்வேர்ன் போகும். இது வீதி நடுவே ஓடுவது, ஆகவே ஃபின்ச்சில் பட்ட பாடு இங்கே திரும்பி வரலாம்.

கூட்டத்தில் 'சப்வே தா' என்று கேட்டால் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போவார்கள். இவற்றைக் கேளுங்கள்: ரயில் சந்தியை நெருங்கும்போது பச்சை விளக்கு நீளுமா, அல்லது பிந்தி வந்த ரயிலுக்கு மட்டும்தானா? இடப்பக்கம் திரும்பும் கார்களுக்கு ரயிலுக்கு முன் வழியா, பின் வழியா? முன் என்றால் ஒவ்வொரு சந்தியிலும் அரை நிமிடம் போகும். இரண்டு நிறுத்தங்களுக்கிடையே எத்தனை மீற்றர்? சந்திக்கு முன் நிறுத்தமா, தாண்டியா? முன் என்றால் ஒருமுறை சிவப்புக்கு, ஒருமுறை ஆள் ஏற்ற என்று இரண்டு தடவை நிற்கும். சந்தியைக் கடக்கும்போது ரயிலுக்கு விதிக்கும் வேக எல்லை என்ன? கென்னடியில் இறங்கிச் சப்வே மேடைக்கு எத்தனை மாடி, எத்தனை மீற்றர், மின்தூக்கி எத்தனை? இரவு பதினொரு மணிக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில்?

கடைசியாக, பணம் ஒதுக்கியாகிவிட்டதா என்று கேளுங்கள். வரைபடத்தில் கோடு போடுவது திட்ட அனுமதி. நிதி என்பது வேறு அறையில் நடப்பது. பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள், திகதியோடு.